பாக்ஸிங் புரமோட்டர் ஆக விரும்பும் பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும்



சில மாதங்களுக்கு முன் ஒரு நாள், அஸர் தொழுகை முடிந்து நிர்வாகிகள் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தபோது நம் மஹல்லாவைச் சேர்ந்த ஓர் இளைஞர் வந்தார். பி.காம். முடித்தவர். திருவண்ணாமலையில் ஒரு செல்போன் கடையில் வேலை. கையில் ஒரு நோட்டுப் புத்தகம். பைத்துல்மாலிலிருந்து மூன்று லட்சம் ரூபாய் வட்டியில்லாக் கடன் வேண்டும் என்றார். என்ன தொழிலுக்கு என்று கேட்டோம். "சாச்சா, நான் பாக்ஸிங் புரமோட்டர் ஆகப் போறேன். முதல் ஷோ நம்ம பக்கத்திலேயே நடத்தணும்" என்றார்.

நிர்வாகிகளில் ஒருவர் சிரித்துவிட்டார். இன்னொருவர், "ஆளை ஆள் அடிக்கிறதுக்கு அறக்கட்டளைக் காசா?" என்று கோபித்துக் கொண்டார். பிள்ளையின் முகம் சுருங்கிப் போயிற்று. வெட்கத்தோடு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த வேலை என்னவென்று எங்களில் யாருக்குமே அன்று தெரியாது. தெரியாத ஒன்றைப் பற்றிச் சிரிப்பதும் சரியில்லை, கோபப்படுவதும் சரியில்லை. ஒரு வாரம் கழித்து வரச் சொல்லிவிட்டு, படித்தும் விசாரித்தும் பார்த்தோம். அதன் பிறகு இன்னும் இரண்டு வீடுகளிலிருந்து தாய்மார்கள் இதே விஷயத்தைக் கேட்டு அனுப்பினார்கள். 2024 நவம்பர் 15 அன்று அமெரிக்காவின் டெக்சாஸில் மைக் டைசனும் ஜேக் பாலும் மோதியதை நெட்ஃபிளிக்ஸில் நம் பிள்ளைகள் பலர் பார்த்திருக்கிறார்கள். அதே மேடையில் நம் நாட்டு நீரஜ் கோயத்தும் சண்டையிட்டு வென்றார். ஜேக் பால் 1997-ல் பிறந்தவர். சண்டையும் போடுகிறார், 2021-ல் தொடங்கிய சொந்த நிறுவனத்தின் மூலம் சண்டைகளை நடத்தவும் செய்கிறார். இருபத்தைந்து வயதுக்குள் அவரால் முடிந்தது நம்மால் முடியாதா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு எங்களால் இயன்ற பதில் இது.

புரமோட்டர் என்பவர் சண்டை போடுபவர் அல்ல, கற்றுக் கொடுக்கும் மாஸ்டரும் அல்ல. போட்டியைத் தன் பொறுப்பில் ஏற்று நடத்துபவர். கல்யாண கான்ட்ராக்டரை நினைத்துக் கொள்ளுங்கள். மண்டபம், மேடை, விளக்கு, சாப்பாடு எல்லாவற்றுக்கும் அவர் முன்பணம் கொடுக்கிறார். ஆனால் கல்யாணத்தில் கான்ட்ராக்டருக்குப் பணம் தர பெண் வீட்டாரோ மாப்பிள்ளை வீட்டாரோ இருக்கிறார்கள். புரமோட்டருக்கு அப்படி யாரும் இல்லை. செலவு முழுவதையும் முதலில் போட்டுவிட்டு டிக்கெட், ஸ்பான்ஸர், ஒளிபரப்பு என்று மூன்று வழியில் அது திரும்பி வருமா என்று காத்திருக்க வேண்டும். வந்தால் மிச்சம் அவருடையது, வராவிட்டால் நஷ்டமும் அவருடையதே.

இதில் இன்னொருவரையும் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் மேனேஜர். வீரருக்காகப் பேசுபவர், வீரரின் ஊதியத்தில் ஒரு பங்கு பெறுபவர். ஊதியத்தைக் கூட்டிக் கேட்பது மேனேஜரின் கடமை, குறைத்துப் பேசுவது புரமோட்டரின் ஆதாயம். இரண்டு பேரும் ஒரே ஆளாக இருந்தால் வீரருக்காகப் பேச யாருமே இல்லை. சொத்து விற்பவருக்கும் வாங்குபவருக்கும் ஒரே ஆள் வக்கீலாக இருப்பது போல. வெளிநாடுகளில் இந்தத் தொழிலில் நடந்த அநியாயங்களில் பாதி இந்த இடத்தில்தான் தொடங்கியது. நம் பிள்ளைகள் யாராவது இந்தப் பக்கம் போனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "நீ யார் பக்கம்?" என்பதுதான்.

அடுத்தது ஜோடி சேர்ப்பது. யாருடன் யாரை மோத விடுவது என்று முடிவு செய்பவரை மேட்ச்மேக்கர் என்கிறார்கள். சிறிய அளவில் நடத்துபவர்கள் இதையும் தாங்களே செய்கிறார்கள். எடை, வயது, முந்தைய சண்டைகள் எல்லாம் பார்த்துச் சேர்க்க வேண்டும். தொழில்முறைப் போட்டிகளில் வழக்கமாக முந்தைய நாளே எடை பார்க்கிறார்கள். அப்போது ஒருவர் எடை கூடியிருந்தாலோ, காய்ச்சல் என்று வராமல் போனாலோ அந்த ஜோடி கலைந்துவிடும். உள்ளூர் வீரருக்காக டிக்கெட் வாங்கியவர்கள் பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள். அந்த நேரத்தில்தான் புரமோட்டருக்குச் சோதனை. கிடைத்த ஆளை, எடை பொருந்தாவிட்டாலும் பரவாயில்லை என்று ரிங்கில் ஏற்றிவிடத் தோன்றும். ஏற்றுபவரும் உண்டு.

டிக்கெட் விஷயத்திலும் நாங்கள் அறியாத ஒன்று இருந்தது. இங்கிலாந்தில் சிறிய மண்டபங்களில் நடக்கும் போட்டிகளில் டிக்கெட் விற்பது பெரும்பாலும் வீரர்களே. உறவினர், நண்பர், தெருக்காரர் என்று அவர்கள் விற்கும் டிக்கெட்டிலிருந்துதான் எதிராளியின் ஊதியத்துக்கும் பயணத்துக்கும் பணம் வருகிறது. நன்றாகச் சண்டை போடுபவனைவிட நிறைய டிக்கெட் விற்பவனுக்கு அங்கே முதலிடம் கிடைப்பதுண்டு. டி.வி.யில் தெரியும் வெளிச்சத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

நம் மாநிலத்துக்கு இது புதிய கதை அல்ல. 2021-ல் சார்பட்டா பரம்பரை படம் வந்த பிறகு, வடசென்னையில் ஒரு காலத்தில் குத்துச்சண்டை எப்படி இருந்தது என்பது நம் பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கிறது. சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரைகள். துறைமுகத்திலும் ஆலைகளிலும் உழைத்தவர்கள் காசு கொடுத்து டிக்கெட் வாங்கிப் பார்த்தார்கள். எந்தப் பரம்பரை ஜெயிக்கும் என்ற ரோஷம்தான் கூட்டத்தைச் சேர்த்தது. வீரர்களின் பெயர்கள் இன்றும் பேசப்படுகின்றன. போட்டிகளை ஏற்று நடத்தியவர்களின் பெயரை நாங்கள் விசாரித்த பெரியவர்கள் ஒருவராலும் சொல்ல முடியவில்லை.

1980-ன் தொடக்கத்தில் முஹம்மது அலியே சென்னைக்கு வந்தார். நேரு ஸ்டேடியத்தில், அன்றைய முதலமைச்சர் எம்.ஜி.ஆர். முன்னிலையில், தன் பால்ய நண்பரும் முன்னாள் சாம்பியனுமான ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடினார். நம் ஊர்ப் பெரியவர்கள் சிலர் அந்தச் செய்தியைப் பத்திரிகையில் படித்ததை இன்றும் சொல்வார்கள். அலி என்றால் நம் வீடுகளில் தனி மரியாதை உண்டு. ஆகவே அலியை வைத்தே இந்தத் தொழிலின் நல்லதையும் கெட்டதையும் சொல்லிவிடலாம்.

பாப் ஆரம் என்பவர் அமெரிக்க அரசில் வரி வழக்குகள் பார்த்த வக்கீல். 1962-ல் ஒரு பெரிய குத்துச்சண்டையின் வசூல் பற்றிய வழக்கு அவரிடம் வந்தது. அதில்தான் இந்தத் தொழிலில் பணம் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று தெரிந்துகொண்டார். 1966 மார்ச் 29 அன்று கனடாவின் டொரான்டோவில் அலிக்கும் ஜார்ஜ் சுவாலோவுக்கும் நடந்த போட்டிதான் அவர் நடத்திய முதல் போட்டி. அப்போது வயது 34. அதுவரை ஒரு குத்துச்சண்டையைக்கூடப் பார்த்ததில்லை என்பார்கள். சண்டையைப் பற்றித் தெரியாதவர், ஆனால் ஒப்பந்தமும் கணக்கும் தெரிந்தவர். அவர் தொடங்கிய டாப் ரேங்க் நிறுவனம் அரை நூற்றாண்டு தாண்டியும் நடக்கிறது.

டான் கிங்கின் கதை வேறு. ஒரு மனிதரை அடித்துக் கொன்ற வழக்கில் சிறை சென்று 1971-ல் வெளியே வந்தவர். அடுத்த ஆண்டே தன் ஊரான கிளீவ்லாந்தில் ஒரு மருத்துவமனைக்கு நிதி திரட்ட அலியை அழைத்து ஒரு காட்சிப் போட்டி நடத்தினார். அங்கிருந்து இரண்டே ஆண்டில், 1974 அக்டோபர் 30 அன்று, ஆப்பிரிக்காவின் கின்ஷாசாவில் அலி–ஃபோர்மன் போட்டி. ஆளுக்கு 50 லட்சம் டாலர் தருவதாக இருவரிடமும் முதலில் கையெழுத்து வாங்கிவிட்டு, அதன் பிறகு பணத்தைத் தேடினார். அந்நாட்டு அதிபர் மொபுட்டுவின் அரசு பணம் போட்டது. சாமர்த்தியம் என்று சிலர் சொல்வார்கள். அதே டான் கிங் 1980-ல் நடத்திய போட்டிக்குத் தன் ஊதியத்தில் 11 லட்சம் டாலருக்கு மேல் குறைத்துக் கொடுத்தார் என்று அலி வழக்குப் போட வேண்டியிருந்தது. உடல் நலிந்திருந்த அலி கடைசியில் 50,000 டாலரை வாங்கிக் கொண்டு வழக்கை விட்டுவிட்டார். பின்னாளில் மைக் டைசனும் இவர் மீது பத்துக் கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டு, 2004-ல் ஒரு கோடியே நாற்பது லட்சத்துக்குச் சமரசம் செய்துகொண்டார்.

மூன்றாவது கதையைத்தான் நாங்கள் அந்த இளைஞருக்கு இரண்டு முறை சொன்னோம். ஹெரால்ட் ஸ்மித் என்பவர் அலியிடம் அனுமதி வாங்கி, அலியின் பெயரிலேயே ஒரு குத்துச்சண்டை நிறுவனம் தொடங்கினார். மற்றவர்கள் கொடுப்பதைவிடப் பல மடங்கு ஊதியம் தருவதாகச் சொல்லி வீரர்களை இழுத்தார். இவ்வளவு பணம் எங்கிருந்து வருகிறது என்று எல்லோரும் வியந்தார்கள். 1981-ல் தெரிந்தது. வெல்ஸ் ஃபார்கோ வங்கியின் ஓர் அதிகாரியோடு சேர்ந்து கள்ளக் கணக்கு எழுதி இரண்டு கோடியே பதின்மூன்று லட்சம் டாலரை வங்கியிலிருந்து எடுத்திருந்தார்கள். ஸ்மித்துக்குப் பத்து ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. அலிக்கு அந்த மோசடியில் பங்கில்லை. பெயர் மட்டும்தான் அவருடையது. ஆனாலும் செய்திகளில் எல்லாம் அந்தப் பெயர்தான் அடிபட்டது.

இப்படிப் பட்டறிந்த பிறகுதான் அமெரிக்காவில் 2000-ல் அலியின் பெயரிலேயே ஒரு சட்டம் வந்தது. புரமோட்டர் மேனேஜராகவும் இருந்து ஆதாயம் பெறக் கூடாது, ஒரு போட்டியில் தனக்கு என்ன வருமானம் என்பதை வீரருக்குச் சொல்ல வேண்டும் என்பவை அதன் முக்கிய விதிகள்.

நம் நாட்டுக்கு வருவோம். ஒலிம்பிக் வழியில் செல்லும் அமெச்சூர் குத்துச்சண்டையை இந்தியக் குத்துச்சண்டைக் கூட்டமைப்பு நடத்துகிறது. தொழில்முறைப் போட்டிகளுக்கு இந்தியக் குத்துச்சண்டை கவுன்சில் என்ற அமைப்பு உரிமம் தருகிறது. 2008 ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற விஜேந்தர் சிங் 2015 அக்டோபரில் மான்செஸ்டரில் தொழில்முறை வீரராகக் களமிறங்கினார். அவரை வைத்து 2016 ஜூலை 16 அன்று டெல்லி தியாகராஜ் அரங்கில் ஒரு பெரிய போட்டி நடந்தது. இந்தியாவில் இந்தத் தொழிலுக்கு ஒரு வழி திறந்தது அப்போதுதான். அதை இங்கே நடத்திய ஐ.ஓ.எஸ். நிறுவனம் திடீரென்று முளைத்ததல்ல. விளையாட்டு வீரர்களின் விளம்பர ஒப்பந்தங்களைக் கவனிப்பதையே தொழிலாகக் கொண்டிருந்தது. வீரரும் தெரியும், பணம் போடும் கம்பெனிகளும் தெரியும். ரிங் அதற்குப் பிறகுதான் வந்தது.

அதே விஜேந்தர் 2021 மார்ச்சில் தன் முதல் தோல்வியைச் சந்தித்த இடம் கோவாவில் ஒரு சூதாட்டக் கப்பலின் மேல்தளம். உலகம் முழுவதும் இந்தத் தொழிலுக்குப் பணம் போடுபவர்களில் சூதாட்ட விடுதிகளும், பந்தயக் கம்பெனிகளும், மதுபானக் கம்பெனிகளும் முன்வரிசையில் இருக்கிறார்கள். ஹலாலான ஸ்பான்ஸர் மட்டும் போதும் என்று நினைக்கும் பிள்ளை, தன் வருமான வழிகளில் பெரியதொன்றைத் தொடக்கத்திலேயே அடைத்துக் கொள்கிறான். அடைப்பதுதான் சரி. ஆனால் அதைக் கணக்கில் எழுதிவிட்டு அடைக்க வேண்டும்.

இனி உயிர் சம்பந்தமான விஷயம். 2022 ஜூலையில் பெங்களூருவில் ஒரு கிக்பாக்ஸிங் போட்டி நடந்தது. மைசூரைச் சேர்ந்த, இருபதுகளில் இருந்த ஓர் இளைஞர் எதிராளியின் அடியில் விழுந்தார். இரண்டு நாள் கழித்து மருத்துவமனையில் இறந்தார். போட்டி நடந்த இடத்தில் முதலுதவி ஏற்பாடு இல்லை, ஸ்ட்ரெச்சர்கூட இல்லை என்று தகப்பனார் புகார் கொடுத்தார். நடத்தியவர் மீது போலீஸ் வழக்குப் பதிவு செய்தது. 1982 நவம்பரில் அமெரிக்காவில் கொரிய வீரர் டக் கூ கிம் பதினான்காவது சுற்றில் விழுந்து இறந்தார். அதற்குப் பிறகுதான் உலகப் பட்டப் போட்டிகளைப் பதினைந்து சுற்றிலிருந்து பன்னிரண்டாகக் குறைத்தார்கள்.

தலையில் விழும் அடியின் விளைவு அன்றே தெரிவதில்லை. மண்டைக்குள் ரத்தம் கசிந்தால் ஆள் எழுந்து நடந்து, பேசி, தண்ணீர் குடித்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துச் சாயலாம். அப்போது தேவைப்படுவது தலை அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவமனை, அதுவும் நிமிடக் கணக்கில். ஆகவே அமெரிக்காவில் 1996-ல் வந்த சட்டப்படி, போட்டிக்கு முன் மருத்துவர் வீரரைச் சோதிக்க வேண்டும், சண்டை முடியும்வரை மருத்துவர் ரிங் அருகிலேயே இருக்க வேண்டும், ஆம்புலன்ஸோ உயிர்காக்கும் கருவிகளோடு மருத்துவப் பணியாளர்களோ அங்கே தயாராக நிற்க வேண்டும், வீரருக்குக் காப்பீடு இருக்க வேண்டும். நம் ஊரில் சட்டம் கேட்டாலும் கேட்காவிட்டாலும் இந்த நான்கும் இல்லாமல் மேடை போடுபவர், அடுத்த வீட்டுப் பிள்ளையின் தலையைப் பணயம் வைக்கிறார்.

மார்க்கம் என்ன சொல்கிறது என்று எங்களுக்கு நாங்களே தீர்ப்புச் சொல்லிக் கொள்ளவில்லை. ஹஜ்ரத்திடம் கேட்டோம். உடல் வலிமையை நம் மார்க்கம் விரும்புகிறது என்பதையும், நபி (ஸல்) அவர்கள் ருகானா என்ற மல்லருடன் மல்யுத்தம் செய்த செய்தி அபூதாவூதில் இருப்பதையும் முதலில் சொன்னார். பிறகு, முகத்தில் அடிப்பதை நபியவர்கள் தடுத்திருப்பது புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது என்றார். மக்காவில் கூடிய ராபிதாவின் ஃபிக்ஹு சபை 1987 அக்டோபரில், இன்று நடக்கும் முறையிலான குத்துச்சண்டை கூடாது என்று முடிவு செய்திருக்கிறது. எதிராளிக்குக் கடும் காயமோ மரணமோ ஏற்படுத்துவதை அனுமதிக்கும் போட்டி என்பது அவர்கள் காட்டிய காரணம். உடற்பயிற்சிக்காக பையைக் குத்திப் பழகுவது வேறு என்றும் ஹஜ்ரத் பிரித்துச் சொன்னார். அலி முஸ்லிம்தானே என்று பிள்ளைகள் கேட்டால், அவர் மீது நாம் வைத்திருக்கும் அன்பு ஒன்று, மார்க்கத் தீர்ப்பு இன்னொன்று என்றுதான் பதில் சொல்ல முடியும். 1984-ல் அலிக்குப் பார்க்கின்சன் நோய் என்று தெரிந்தது. அதன் பிறகு முப்பத்திரண்டு ஆண்டுகள் அந்த நடுக்கத்தோடு வாழ்ந்து 2016 ஜூனில் இறந்தார்.

ஒரு வாரம் கழித்து இளைஞர் வந்தார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. நோட்டைத் திறந்து வரிசையாகப் படித்தோம். மண்டப வாடகை, சென்னையிலிருந்து ரிங் கொண்டுவரும் லாரி, விளக்கு, ஸ்பீக்கர், போஸ்டர், பதினாறு வீரர்களுக்குச் சாப்பாடு, தங்குமிடம், ஊதியம். மொத்தம் மூன்று லட்சம். வரவில் 600 டிக்கெட், ஒன்று 300 ரூபாய், ஆக 1,80,000. மீதி 1,20,000 ஸ்பான்ஸர் என்று எழுதியிருந்தார். எந்த ஸ்பான்ஸர் என்று கேட்டோம். இரண்டு பிரியாணிக் கடை, ஒரு செல்போன் கடை. எழுத்தில் யாரும் உறுதி தரவில்லை. முதல் போட்டிக்கே மண்டபம் நிறைந்து, ஒரு டிக்கெட்கூட ஓசியில் போகாமல் இருந்தால்தான் அந்த 1,80,000 வரும். எங்கள் கடன் விதிப்படி இருபது தவணை. மாதம் 15,000 கட்ட வேண்டும். அவர் சம்பளமோ 14,000.

இதையெல்லாம் அவரே கூட்டிப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். பணக் கணக்கு எங்களை அவ்வளவு உறுத்தவில்லை. இளம் வயதில் எல்லோரும் இப்படித்தான் கணக்குப் போடுவார்கள். இரண்டு இடங்கள்தான் உறுத்தின. டாக்டர், ஆம்புலன்ஸ், இன்ஷூரன்ஸ் என்று நோட்டில் ஒரு வரியும் இல்லை. வீரர்களின் ஊதியத்துக்கு எதிரே "டிக்கெட் விற்ற பிறகு" என்று எழுதியிருந்தது. "தம்பி, கூட்டம் வரலைன்னா அடி வாங்கினவனுக்கு யார் கொடுப்பா?" என்று கேட்டோம். பதில் இல்லை. வேலை செய்தவனின் கூலியை அவன் வியர்வை உலர்வதற்குள் கொடுப்பதைப் பற்றி அவருக்கு நாங்கள் பாடம் நடத்தவில்லை. மதரஸாவில் படித்த பிள்ளைதான், அவருக்கே தெரியும்.

கடன் தர இயலாது என்று முடிவு செய்தோம். பைத்துல்மால் பணம் அமானிதம். ஹஜ்ரத் சொன்ன முடிவுக்குப் பிறகு அதில் எங்களுக்கு இரண்டாவது யோசனைக்கு இடமில்லை. ஆனால் அவர் சொந்தப் பணத்தில் போனால் எப்படிப் போக வேண்டும் என்பதை மறைக்கவில்லை. மாவட்ட, மாநில அமெச்சூர் போட்டிகளில் தன்னார்வலராக நின்று நேரம் குறிப்பது, எடை பார்ப்பது, பதிவு செய்வது ஆகியவற்றை இரண்டு ஆண்டாவது பழக வேண்டும். சென்னை மேலக்கோட்டையூரில் உள்ள தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு மேலாண்மை படிக்கலாம். பி.காம். படித்தவருக்கு அது பொருந்தும். அதைப் படித்தவர் குத்துச்சண்டைக்கு மட்டும் கட்டுப்பட்டவர் அல்ல. கபடி, வாலிபால், மாரத்தான், பள்ளி விளையாட்டு விழா எதற்கும் இதே ஆள் தேவை. ஒப்பந்தத்தை எழுத்தில் போடுவது, வீரர்களின் பணத்தைத் தனி வங்கிக் கணக்கில் முன்கூட்டியே வைப்பது, போலீஸ் அனுமதி வாங்குவது எல்லாம் எந்த விளையாட்டுக்கும் ஒன்றுதான்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளையை ஒருவர் வந்து ரிங்கில் ஏறச் சொல்லி அழைத்தால், நடத்துபவரிடம் உரிமம் இருக்கிறதா, எதிராளியின் எடை என்ன, டாக்டர் யார், ஆம்புலன்ஸ் எங்கே நிற்கும், காப்பீட்டுப் பத்திரம் எங்கே, பணம் எப்போது என்று கேளுங்கள். முகம் சுளிப்பவரிடம் பிள்ளையை அனுப்பாதீர்கள். இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நம் வீடுகளில் நினைக்கும் பழக்கம் இருக்கிறது. பல வருடங்களுக்கு முன் வேறோர் ஊரில் ஒரு போட்டிக்கு எங்கள் நிர்வாகி ஒருவரின் தம்பி போய், மூக்கெலும்பு உடைந்து, பஸ்ஸுக்குக்கூடப் பணமில்லாமல் லாரியில் வந்து இறங்கினார். நடத்தியவர் அன்றிரவே ஊரைவிட்டுப் போயிருந்தார். வீட்டில் யாரும் ஒரு கேள்வியும் கேட்டிருக்கவில்லை.

இளைஞர் கோபித்துக் கொண்டுதான் போனார். இரண்டு வாரம் ஜும்ஆவுக்கு வந்தும் எங்கள் பக்கம் திரும்பவில்லை. பிறகு ஒரு நாள் அவரே வந்து, அறக்கட்டளை ஆண்டுதோறும் நடத்தும் கபடிப் போட்டியை இந்த முறை தன்னிடம் விடுவீர்களா என்று கேட்டார். விட்டோம். வழக்கமாக நாங்கள் நடத்தும்போது மதியம்தான் தொடங்கும், கணக்கு அடுத்த மாதம்தான் வரும். இந்த முறை காலை எட்டு மணிக்கு முதல் ஆட்டம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் முன்பே சொல்லி வைத்து, ஒரு செவிலியரை முதலுதவிப் பெட்டியோடு வரவழைத்திருந்தார். பரிசுப் பணம் காலையிலேயே உறையில் போட்டு ஒட்டியிருந்தது. வரவு செலவு மூன்றாம் நாள் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில். மிச்சம் 640 ரூபாய். ரசீதுகளோடு அலுவலகத்தில் இருக்கிறது, விரும்புவோர் இஷாவுக்குப் பிறகு வந்து பார்க்கலாம்.